வத்தல் அள்ளப் போன நேரம்

அனுப்புநர்
கா. நாகஜோதி,
க/பெ. காளிராஜ்,
கீழத்தெரு, உடைக்குளம் கிராமம்,
கமுதி வட்டம், இராமநாதபுரம் மாவட்டம்.

பெறுநர்
உயர்திரு ஒருங்கிணைப்பு அலுவலர் அவர்கள்,
தென்னாசியச் சிறை நிர்வாகிகள் மாநாட்டுச் செயலகம்,
முகாம் அலுவலகம், இராமேஸ்வரம்.

பொருள்: காணொலி நேர்காணல் – குடும்பத்தினர் நேரத்தை வேளாண் பணிக்குப் பயன்படுத்தியதாக எழுதப்பட்ட குறிப்பை நீக்கவும், பாதியில் நின்ற பெயர் சூட்டலை முடிக்க மறு நேரம் வழங்கவும் கோருதல் – தொடர்பாக.

பார்வை: 1. இராமேஸ்வரம் மாநாட்டின் நான்காம் தீர்மானம்.
2. அக்காள்மடம் காணொலி நேர்காணல் மையத்தின் குறிப்பு.

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். இது புகார் மனுதான். ஆனால் அழுதுகொண்டு எழுதும் மனு அல்ல, ஜெயித்தவள் எழுதும் மனு. ஜெயித்த பிறகும் ஒரே ஒரு வாக்கியம் தொண்டையில் மீன் முள்ளாக நிற்கிறது. அதை எடுத்துவிடச் சொல்லித்தான் எழுதுகிறேன். கூலிக்கு மனு எழுதுகிறவரிடம் நான் போகவில்லை. பத்தாம் வகுப்பில் தமிழில் பள்ளியிலேயே முதல் மதிப்பெண் என்னுடையது. எழுத்துப் பிழை இருந்தால் அது கைக்குழந்தை மடியில் இருப்பதால் வந்தது என்று பொறுத்தருள வேண்டும்.

நடந்ததில் பாதி தங்களுக்கே தெரியும். தாங்களும் அந்த வேனில் வந்திருந்தீர்கள். இருந்தாலும் முதலிலிருந்து எழுதுகிறேன். தங்களுக்குப் பின் அந்த நாற்காலியில் உட்காருகிறவருக்கும் விளங்க வேண்டும் அல்லவா?

1. நாங்கள் மானாவாரியில் மிளகாய் போடுகிற குடும்பம். கடலுக்கும் எங்களுக்கும் கருவாடு வாங்குகிற உறவு மட்டும்தான் இருந்தது. மழை வரவேண்டிய நாளில் வராமல், வேண்டாத நாளில் கொட்டிச் செடியை அழுகவைத்தது. தை பிறந்ததும் என் கணவர் காளிராஜ் பாம்பனுக்குப் போய் விசைப்படகில் கூலிக்கு ஏறினார். எங்கள் பக்கத்து ஊர்களிலிருந்து இப்படிப் போகிற ஆண்கள் பலர் உண்டு. முதல் வருஷம் படகு எல்லை தாண்டியதாகப் பிடிபட்டு, இலங்கை நீதிமன்றம் எச்சரித்து அனுப்பியது. அடுத்த வருஷத் தையில் இயந்திரம் நின்று, நீரோட்டம் இழுத்துக்கொண்டு போய், மறுபடியும் பிடிபட்டார்கள். உடன் போனவர்கள் முதல் தடவைக்காரர்கள் என்பதால் திரும்பி வந்தார்கள். என் கணவருக்கு இரண்டாம் தடவை என்று சிறைத் தண்டனை விழுந்தது. எல்லை தாண்டியது தப்பு என்றால் தப்புதான். அந்தத் தண்டனையை நான் இங்கே குறை சொல்ல வரவில்லை. படகுக்காரர் தவ்ஃபீக் அண்ணன் பாம்பனிலிருந்து எங்கள் வாசலுக்கே வந்து நின்று, "தங்கச்சி, படகு போனாப் போகுது. மாப்ள மொகத்த ஒனக்குக் காட்டுறது எம் பொறுப்பு" என்றார். அன்று முதல் இன்று வரை அந்தப் பேச்சிலிருந்து அவர் மாறவில்லை.

2. கணவர் பிடிபட்டபோது நான் முழுகாமல் இருந்தேன். ஆவணியில் மகன் பிறந்தான். எங்கள் வகையறாவில் பிள்ளைக்குப் பெயரைத் தகப்பன்தான் காதில் சொல்ல வேண்டும். மூன்று முறை சொல்ல வேண்டும், உறவுமுறை கேட்க வேண்டும். தகப்பன் வெளியூரில் இருந்தால் வரும்வரை காத்திருப்போம். அதுவரை யாரும் எந்தப் பெயரும் வைத்துக் கூப்பிடக் கூடாது. என் மகன் தவழ்ந்து, சுவரைப் பிடித்து நிற்கவும் தொடங்கிவிட்டான். இன்னும் ஊருக்கே அவன் "ஏலே"தான். தடுப்பூசி அட்டையில் "நாகஜோதியின் ஆண் குழந்தை" என்று இருக்கிறது. செவிலியர் ஒவ்வொரு தடவையும் என்னை முறைக்கிறார். கடிதத்திலாவது பெயரை எழுதி அனுப்புங்கள் என்று கணவரைக் கேட்டதற்கு, "காதுல சொல்றதக் காயிதத்துல சொல்ல முடியுமா?" என்று பதில் போட்டார். பிடிவாதக்காரர். அந்தப் பிடிவாதம் எனக்கும் பிடித்துத்தான் இருக்கிறது.

3. சிறையில் இருப்பவரைப் போய்ப் பார்ப்பதை எங்கள் பக்கம் மனுப் பார்ப்பது என்பார்கள். அவர் உள்ளே போனதிலிருந்து முகம் பார்க்க வழி கேட்டு மனு போட்டுக்கொண்டே இருந்தேன், கடலுக்கு அந்தப் பக்கம் எப்படி மனுப் பார்ப்பது? அதற்காக இரண்டு நாட்டுச் சிறைத்துறையும் பேசி, அக்காள்மடத்தில் சோதனை முறையில் காணொலி மையம் திறந்தார்கள் என்று தவ்ஃபீக் அண்ணன் ஓடிவந்து சொன்னார். கைக்குழந்தையைத் தூக்கிக்கொண்டு பஸ் மாறி மாறிப் போனேன். அங்கே மீனவர் அட்டை கேட்டார்கள். எங்களிடம் இருப்பது விவசாயி அட்டை. பொறுப்பில் இருந்தவர், "கமுதிக்காரனுக்குக் கடல்ல என்னம்மா சோலி?" என்றார். "அந்தச் சோலிக்குத்தான்யா உள்ள வச்சிருக்காக" என்றேன். வரிசையில் நின்றவர்கள் சிரித்தார்கள். அவரும் சிரித்தார். ஆனால் அட்டை இல்லாமல் முடியாது என்றுவிட்டார். மறுபடி போனேன், மறுபடியும் அதே பேச்சு. கணவர் இருப்பது சிறைக்குள். நான் நிற்பது மையத்துக்கு வெளியே. இருவருக்கும் நடுவில் ஓர் அட்டை.

4. அப்போதுதான் பல நாட்டுச் சிறைத்துறைத் தலைவர்கள் இராமேஸ்வரத்தில் மாநாடு கூடப்போகிறார்கள் என்று தெரிந்து, தங்கள் செயலகத்துக்கு எழுதினேன். குடும்பத்தார் சார்பில் வந்து பேசும்படி தாங்கள் பதில் அனுப்பினீர்கள். அந்தக் கடிதம் கைக்கு வந்தபோது என் கையில் காப்பு ஏறிவிட்டது. பங்குனிப் பொங்கலுக்கு முளைப்பாரி எடுப்பதாக, கணவர் முகத்தைப் பார்ப்பதற்கென்றே நேர்ந்து, மஞ்சள் கயிறு கட்டியிருந்தேன். காப்புக் கட்டியவள் பொங்கல் முடியும்வரை ஊர் எல்லைக் கல்லைத் தாண்டக் கூடாது. எதற்காக நேர்ந்தேனோ அந்த வாசல் திறந்த நாளில், நேர்த்தியே என் காலைக் கட்டிவிட்டது. தாண்டிப் போய்விடு, சாமி பொறுத்துக்கொள்ளும் என்று சொன்னவர்களும் உண்டு. எனக்கு மனம் ஒப்பவில்லை. என்னால் வர இயலாது, அதிகாரிகள் எல்லைக் கல் வரை வந்தால் அங்கே நின்று பேசுகிறேன் என்று பதில் எழுதினேன். திமிர் என்று நினைத்திருப்பீர்கள். சத்தியமாகத் திமிர் இல்லை, வேறு வழி இல்லை.

5. அந்தக் கடிதத்தை மதுரையில் தங்கள் ஆயத்தக் கூட்டத்தில் வாசித்தபோது இலங்கைச் சிறைத்துறையின் மூத்த அலுவலர் சுஹா அம்மா, "வெளியே வர ஏலாதவங்களைப் போய்ப் பார்க்கிறதுதானே நம்மட தொழில்?" என்று கேட்டாராம். மதுரையிலிருந்து இராமேஸ்வரம் போகவேண்டிய வேன் பரமக்குடியில் திரும்பி எங்கள் ஊருக்கு வந்தது. வேனிலிருந்து இறங்கியவர்களில் எத்தனை நாட்டார் இருந்தார்கள் என்று எனக்குத் தெரியாது. எல்லாரும் சிறைத்துறைக்காரர்கள் என்று கேள்விப்பட்டதும் எங்கள் ஊர் ஆண்களில் சிலர் மெல்ல வீட்டுக்குள் போய்விட்டார்கள்.

தாங்கள் எல்லாரும் கல்லுக்கு அந்தப் பக்கம் வேப்பமர நிழலில் நின்றீர்கள். நான் இந்தப் பக்கம் நின்று பேசினேன். பேசி முடிக்கும்போது பொழுது சாய்ந்துவிட்டது. சுஹா அம்மா அன்று நோன்பு. கல்லைத் தாண்டி உள்ளே வந்து, என் மகனை வாங்கி இடுப்பில் வைத்துக்கொண்டு, கைப்பையிலிருந்த பேரீச்சம்பழத்தைக் கடித்து, நான் கொடுத்த கம்பங்கூழை ஒரு சொம்பு குடித்து நோன்பு திறந்தார். எனக்கு அவ்வளவு சந்தோஷம். அந்தச் சந்தோஷத்தில் ஊர்க் கட்டு மறந்துபோனது. பூசாரி ராக்கப்பன் கையைக் கட்டிக்கொண்டு வந்து நின்று, "அம்மா, கோவிச்சுக்கிறாதீக. காப்புக் கட்டுன ஊருக்குள்ள கை நனைச்சவுக, அன்னைக்கு எல்லை தாண்டக் கூடாது. விடிஞ்சு போகலாம்" என்றார்.

தாங்கள் கைக்கடிகாரத்தைப் பார்த்து, இது நிகழ்ச்சி நிரலில் இல்லையே என்றீர்கள். உடன் வந்த ஒருவர் எங்கெங்கோ போன் போட்டுப் பார்த்தார், சிக்னல் இல்லை. கணவர் முகத்தைக் காட்ட வந்தவரைப் பிடித்து வைத்த பழி நமக்கு வருமோ என்று பயந்தேன். சுஹா அம்மாதான் முதலில் சிரித்தார். "எத்தனையோ பேரை உள்ளுக்கு வெச்சிருக்கேன். என்னை உள்ளுக்கு வெச்சது நீங்கதான்" என்று சொல்லி, தங்கள் எல்லாரையும் வழியனுப்பிவிட்டு, எங்கள் வீட்டுப் பாயில் வந்து உட்கார்ந்தார்.

6. அன்று என் மகன் அவர் கைமேல் தூங்கினான். விடியுமுன் எங்கள் தெருப் பெண்கள் அவர் நோன்பு வைக்கச் சோறாக்கிக் கொடுத்தார்கள். பொழுது விடிந்ததும், கண்டியில் படிக்கிற தன் மகனோடு பேச வேண்டும் என்றார். எங்கள் ஊரில் சிக்னல் கிடைக்கிற இடம் ஒன்றே ஒன்று, மிளகாய் காயப்போடும் களம். அங்கே கூட்டிப்போனேன். பையன் முகம் திரையில் வந்ததும் அந்த அம்மா போனை முகத்துக்கு அருகே இழுத்துக்கொண்டு, தூங்கினாயா என்று திரும்பத் திரும்பக் கேட்டார். பேசி முடித்துவிட்டு என்னிடம், "ஒரு ராவுக்கே எனக்கு இப்படி இருக்கே" என்றார்.

அவர் இராமேஸ்வரம் போய்ச் சேர்ந்தார். மறுநாள் நான்காம் தீர்மானம் நிறைவேறியது. காணொலி நேர்காணலுக்கு எந்தத் தொழில் அட்டையும் கேட்கக் கூடாது. வர இயலாத குடும்பத்துக்கு அவர்கள் இருக்கும் இடத்திலேயே ஏற்பாடு செய்து தர வேண்டும். எல்லா நாட்டாரும் கையெழுத்துப் போட்டீர்கள். தவ்ஃபீக் அண்ணன் மாநாட்டு மண்டப வாசலில் நின்று விசாரித்து, கமுதியில் கடை வைத்திருக்கும் தெரிந்தவருக்குப் போன் போட, அவர் சைக்கிளை மிதித்து வந்து சொன்னார். முளைப்பாரிக் கூடையைச் சுற்றிக் கும்மி அடித்துக்கொண்டிருந்த பெண்கள் நிறுத்தாமல் குலவை போட்டார்கள். அன்று அடித்த கும்மியில் நாலாம் தீர்மானமும் ஓர் அடியாகச் சேர்ந்துவிட்டது. இந்த வருஷம் மட்டுமல்ல, இனி எல்லா வருஷமும் அது பாடப்படும் என்று தெரிவித்துக்கொள்கிறேன்.

ஐயா, ஒன்று சொல்ல அனுமதிக்க வேண்டும். என் மனுவும் அதன் மேல் போட்ட குறிப்புகளும் ஒரு வருஷமாக மேசை மேசையாக நகர்ந்தும் கடலைத் தாண்டவில்லை. இரண்டு கரை அதிகாரிகளும் ஒரே இடத்தில் கூடியதும், ஒருவர் ஊர்க் கூழை ஒருவர் குடித்ததும், காரியம் இரண்டே நாளில் முடிந்தது. மாநாடு என்றால் மாலையும் பொன்னாடையும் என்று நானும் கிண்டல் பேசியவள்தான். இனிப் பேசமாட்டேன். வருஷா வருஷம் கூடுங்கள். நன்றாகச் சாப்பிடுங்கள்.

7. காப்பு அவிழ்க்க இன்னும் நாள் இருந்ததால், மையத்து உதவியாளர் டேப்லெட்டை எடுத்துக்கொண்டு எங்கள் ஊருக்கே வந்தார். சிக்னல் களத்தில்தான். களம் முழுக்க வத்தல் சிவப்பாகக் காய்ந்துகொண்டிருந்தது. ஊரே கூடி நின்றது, பாம்பனிலிருந்து தவ்ஃபீக் அண்ணனும் வந்திருந்தார். என் கணவர் திரையில் வந்தார். இளைத்திருந்தார், தாடி வைத்திருந்தார். மகனைத் தூக்கிக் காட்டினேன். தோள் துண்டால் முகத்தைத் துடைத்துத் துடைத்துப் பார்த்தார். பிறகு, "என்ன, ஒன்ன மாதிரியே மொறைக்கிறான்" என்றார். அந்த ஒரு வார்த்தையில் போன வருஷத்துக் கஷ்டமெல்லாம் எனக்குத் தீர்ந்துபோனது. எத்தனை பேர் நின்றார்களோ, எல்லார் முன்னாலும் நான் வாய்விட்டுச் சிரித்தேன்.

பூசாரி கை காட்டினார். ஊர் அமைதியானது. மகனின் காதைத் திரைக்குப் பக்கத்தில் வைத்தேன். என் கணவர் பெயரைச் சொல்ல வாயைத் திறந்தார். திறந்தவர், என் தலைக்கு மேலே பார்த்துவிட்டு, "ஏலே! மேக்க பாருங்கலே, கருக்கிட்டு வருது! வத்தல அள்ளுங்க! நாகு, வத்தல அள்ளு!" என்று கத்தினார்.

எங்கள் முதுகுக்குப் பின்னால் வந்த மழையை, கடலுக்கு அந்தப் பக்கம் சிறைக்குள் இருந்த மனிதர் முதலில் பார்த்தார். அவர் பார்த்திராவிட்டால் எங்கள் தெருவின் ஒரு வருஷ உழைப்பு அன்றே தண்ணீரோடு போயிருக்கும். எல்லாரும் சாக்கையும் கூடையையும் தூக்கிக்கொண்டு ஓடினோம். மகனைக் கொட்டகைக்குள் சாக்குமேல் உட்காரவைத்து, டேப்லெட்டை அவன் எதிரே மூட்டையில் சாய்த்துவிட்டு நானும் ஓடினேன். கடைசிக் கூடையைக் கொட்டவும் மழை பிடிக்கவும் சரியாக இருந்தது. ஒரு வத்தல் நனையவில்லை. ஜெயித்துவிட்டோம் என்று கத்திக்கொண்டு கொட்டகைக்குள் வந்தால், ஒதுக்கிய நேரம் முடிந்து திரை இருட்டாக இருந்தது. என் மகன் அதைத் தட்டித் தட்டிச் சிரித்துக்கொண்டிருந்தான்.

8. இனி என் புகார். மேற்படி நேர்காணல் பற்றி மையத்தில் எழுதியிருப்பது: "குடும்பத்தினர் ஒதுக்கப்பட்ட நேரத்தின் பெரும்பகுதியை வேளாண் பணிக்குப் பயன்படுத்தினர். நேர்காணல் நிறைவுற்றது. அடுத்த வாய்ப்பு மூன்று மாதங்களுக்குப் பின்." இதற்கு என் மறுப்பு வருமாறு.

அள்ளச் சொல்லி உத்தரவிட்டது நான் அல்ல, சிறையில் இருப்பவர். அதுவும் இரண்டு நாட்டு அரசு ஊழியர்களின் கண்முன்னே உத்தரவிட்டார். குறிப்பெழுதிய உதவியாளரும் பேண்ட்டை மடித்துவிட்டு எங்களோடு அள்ளினார். நல்ல மனிதர், நன்றாகவே அள்ளினார். எழுதிய வாக்கியம்தான் கெட்டது. அது வேளாண் பணி என்றால் அவர் பெயரும் அதில் சேர வேண்டும்.

எல்லாவற்றுக்கும் மேலாக, என் மகன் எந்த வேளாண் பணியிலும் ஈடுபடவில்லை. நாங்கள் அள்ளிக்கொண்டிருந்த நேரம் முழுக்க அவன் தன் தகப்பனைப் பார்த்துக்கொண்டிருந்தான். தகப்பன் அவனைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஆகவே நேரம் வீணாகவில்லை. ஆனால் நேர்காணல் நிறைவுறவும் இல்லை. அந்த நேரத்தில் பெயரைச் சொன்னாரா, சொல்லவில்லையா என்பது உலகத்தில் இரண்டு பேருக்குத்தான் தெரியும். ஒருவனுக்கு இன்னும் பேச்சு வரவில்லை. இன்னொருவரோடு பேசத் தங்கள் உத்தரவு வேண்டும்.

சுஹா அம்மா அந்தப் பக்கம் விசாரித்துப் பார்த்தாராம். "அது எனக்கும் என் மகனுக்கும் உள்ள பேச்சு. ஊர் கேக்கணும்னா ஊர் முன்னால சொல்றேன்" என்று மட்டும் சொல்லிவிட்டுச் சிரித்தாராம் என் கணவர். இலங்கைப் பக்கத்தில் எந்த நாளும் சம்மதம், இந்தப் பக்கத்துக் கையெழுத்து ஒன்றுதான் பாக்கி என்று அந்த அம்மா தவ்ஃபீக் அண்ணனிடம் சொல்லியனுப்பியிருக்கிறார்.

9. ஆகவே, தாங்கள் கருணை கூர்ந்து,

(அ) மேற்கண்ட குறிப்பை நீக்கி, "நேர்காணல் மழையால் இடைநின்றது" என்று திருத்தி எழுத உத்தரவிடவும்;

(ஆ) மூன்று மாதம் காத்திருக்க வைக்காமல், விடுபட்ட நேரத்தை உடனே வழங்கவும்;

(இ) நான்காம் தீர்மானத்தைத் தமிழில் அச்சிட்டு மையத்தின் வாசலில் ஒட்டவும், முதுகுளத்தூர் பக்கத்திலிருந்தோ சாயல்குடி பக்கத்திலிருந்தோ இன்னொரு விவசாயி மனைவி பிள்ளையோடு வந்து நின்றால், கடலில் என்ன சோலி என்று அவளை யாரும் கேட்காமல் பார்த்துக்கொள்ளவும் பணிவுடன் வேண்டுகிறேன்.

காப்பு அவிழ்ந்துவிட்டது, இப்போது எங்கே வரச்சொன்னாலும் வருவேன். இருந்தாலும் எங்கள் களத்திலேயே நடத்த அனுமதித்தால் ஊர் முழுக்கக் கேட்கும். தாங்களும் வர வேண்டும். இந்த முறை தங்களுக்கும் சாப்பாடு உண்டு, சாப்பிட்ட கையோடு ஊர் திரும்பலாம், எந்தத் தடையும் இல்லை.

வத்தலை மூட்டை கட்டி வீட்டுக்குள் ஏற்றியாயிற்று. களம் கூட்டிச் சுத்தமாகக் கிடக்கிறது. இனி மேற்கே எவ்வளவு கறுத்தாலும் எங்களுக்கு அள்ள ஒன்றுமில்லை. கேட்க ஒரு பெயர் மட்டும் இருக்கிறது.

இடம்: உடைக்குளம்
நாள்: 16.04.2025

இப்படிக்குத் தங்கள் உத்தரவை எதிர்பார்த்திருக்கும்,
கா. நாகஜோதி

நேரில் பார்த்த சாட்சிகள்:
ராக்கப்பன், பூசாரி, உடைக்குளம்
தவ்ஃபீக், படகு உரிமையாளர், பாம்பன்

உடன் மனுதாரர் (இடது கைப் பெருவிரல் ரேகை, மைக்குப் பதில் மஞ்சள்):
கா. ........................
(பெயர், தாங்கள் கையெழுத்துப் போட்ட மறுநாள் நிரப்பப்படும்)